எண்ணெய் வைக்காத தலை

எங்கள் ஸ்டோரில் என்னோடு வேலை செய்த ஓர் அக்கா, தினமும் மத்தியானம் நாட்காட்டித் தாள் ஒன்றை உச்சந்தலையில் வைத்து அழுத்துவாள். நேற்றைய தாள். காலையில் கிழித்ததை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவாள். சாப்பாட்டு நேரத்தில் கொழுந்து லொறி திரும்பும் இடத்துக்குப் போய் நின்று, தொப்பியைக் கழற்றி, தாளை வகிட்டின்மேல் வைத்து உள்ளங்கையால் ஓர் அமுக்கு. பத்து வரை எண்ணுவாள். பிறகு அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பின்பக்கமாகப் பார்ப்பாள். பெரிய தேதி மட்டும் தெரிந்தால் அன்று நல்ல நாள். கிழமையும் தெரிந்தால் சுமார். ராகுகாலம், எமகண்டம் வரை வாசிக்க முடிந்தால், "இன்னிக்கு ஊத்துது" என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பெட்டியைத் திறப்பாள்.

ஒருநாள் அந்தத் தாளில் முருகன் படம் இருந்தது. கூட இருந்தவர்கள் பதறிப்போனார்கள். "அடியே, சாமி படத்தத் தலையில தேய்க்கிறியே!"

"காலுலயா தேச்சேன்? தலையிலதானே வச்சேன்" என்றாள் அக்கா.

ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். எங்கள் தோட்டம் லுணுகலைக்கு மேலே இருந்தது. நானும் அக்காவும் காய்ந்த தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் இருந்தோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, அவளுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு கூட இருக்கும். பெயரை எழுதப் போவதில்லை. என்னைப் பற்றி நீ எழுதினதையெல்லாம் சரிபார்த்தாயா என்று எங்கிருந்தாவது கேட்டுவிடுவாள்.

அக்காவின் தலை எண்ணெய்த் தலை. எண்ணெய் வைத்த தலை இல்லை, தானாகவே எண்ணெய் ஊறும் தலை. காலையில் குளித்துவிட்டு வந்தாலும் பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னே நெற்றியோரம் மினுமினுக்கத் தொடங்கிவிடும். மத்தியானம் முடி நாலு நாலாகச் சேர்ந்து படிந்து கிடக்கும். சாயங்காலம் அவளைப் பார்ப்பவர்கள், காலையில் ஒரு போத்தலைக் கவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எண்ணெய் வைக்காத தலையோடு வெளியே போனால் "யாரு செத்தது?" என்று கேட்பார்கள். அக்காவை மட்டும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "பாத்தியா, எண்ணெச் செலவும் இல்ல, எழவு விசாரிப்பும் இல்ல" என்று அதையும் ஒரு வசதியாகச் சொல்லிக்கொள்வாள்.

வைத்தியம் சொல்லாதவர்கள் கிடையாது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, எங்கள் ஊருக்கு அக்காவின் தலை. உடம்புச் சூடு என்று சொல்லாத வாய் இல்லை. அதில் பெரிய வேடிக்கை, பாதிப்பேர் சொன்ன மருந்தே எண்ணெய்தான். நல்லெண்ணெய் வைத்து முழுகு, சூடு இறங்கினால் எண்ணெய் நிற்கும் என்றார்கள். விளக்கெண்ணெய் என்றார்கள். அக்கா யாரையும் மறுத்துப் பேசமாட்டாள். "செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். அப்படிச் சொன்னால் உண்மையிலேயே செய்து பார்ப்பாள். அதுதான் அவளிடம் எல்லோருக்கும் பயம்.

அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வைத்தியம். அதுவும் முழுசாக இரண்டு வாரம். தினமும் தாள் அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் முடிந்ததும், சொன்னவரைத் தேடிப் போய் முடிவைச் சொல்லிவிட்டு வருவாள். நல்லெண்ணெய் சொன்ன கிழவர் அவளை, மலைத்தண்ணீர் குழாயில் விழும் பீலிக்கரையில் கண்டதும் வாளியை விட்டுவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். பதினான்கு தாளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும்.

போனில் பார்த்துவிட்டு எலுமிச்சம்புளி தேய்க்கச் சொன்னவள் நான்தான். மூன்றாம் நாளே தலை எரிந்து சிவந்து போனது. அப்போதும் விடவில்லை. "ரெண்டு வாரம் ஆகட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். நிறுத்தச் சொல்லி நான் காலில் விழாத குறை. துணி துவைக்கிற சவுக்காரம் போட்டுத் தேய்த்த இரண்டு வாரத்தில் முடி தும்புத்தடி விளக்குமாறு ஆனது, தோல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, எண்ணெய் மட்டும் அதன் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. வெந்தயம் அரைத்துப் பூசிய நாட்களில் ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா சலிக்கும் அறைக்குள் வந்து மூக்கைச் சுளித்து, "எவ இங்க கறி கொண்டாந்தவ?" என்று கேட்டார். முட்டை வைத்தியம் ஒரே நாளோடு முடிந்தது. அன்று பனி அதிகம். குளிருக்குப் பயந்து சுடுதண்ணீரை ஊற்றிவிட்டாள். முட்டை தலையிலேயே வெந்துவிட்டது. நானும் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரியும் உட்கார்ந்து முடி முடியாகப் பொறுக்கினோம். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அவள் சிரிக்கவில்லை. "இத ரெண்டு வாரம் செய்ய ஏலாது. அதனால இது நல்லதா கெட்டதான்னு நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

தலை விசயத்தில் மட்டும் அவள் அப்படி என்று நினைக்க வேண்டாம். காலில் சவுக்காரம் பூசினால் அட்டை ஏறாது என்று யாரோ சொன்னார்கள். அக்கா ஒரு காலில் மட்டும் பூசிக்கொண்டு மழையில் ஈரத் தேயிலைக்குள் போய்விட்டு வந்தாள். பூசாத காலில் ஏழு, பூசிய காலில் இரண்டு. "கொஞ்சம் உண்மைதான்" என்று சொல்லிவிட்டு அட்டைகளைப் பிடுங்கிப் போட்டாள். இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் தலை சுற்றியது.

அவள் முன்பு மலையில் கொழுந்து பறித்தவள். கூடைக் கயிறு தலைக்கு மேலேதான் மாட்டும். கயிற்றுக்குக் கீழே மடித்த துணி இருக்கும். மற்றவர்களுக்குத் துணி வியர்வையில் நனையும். இவளுக்கு வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து ஊறி, கயிறு அழுத்துகிற இடமெல்லாம் கொப்புளம் கிளம்பும். அது உடைந்தால் அதன்மேலேயே மறுநாள் கயிறு ஏற வேண்டும். ஒருமுறை கழுத்து வரை வீங்கிக் காய்ச்சலில் விழுந்தாள். அதற்குப் பிறகுதான் கெஞ்சிக் கூத்தாடி ஸ்டோருக்குள் வந்தாள். அவளுக்கு ஸ்டோர் வேலை சொகுசு இல்லை. மறுபடி மலைக்கு அனுப்பினால் மறுபடி புண்.

ஸ்டோருக்கு வந்து, இந்த வைத்தியமெல்லாம் தோற்ற பிறகுதான் பதுளைக்குப் போய்த் தோல் டொக்டரைக் கண்டாள். வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. "இது நோயும் இல்லியாம், அழுக்கும் இல்லியாம். எல்லாத் தலையிலயும் எண்ணெ ஊறுமாம். சிலவங்களுக்குக் கூட ஊறுமாம். அவ்ளோதானாம்" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். டொக்டர் சொன்னதையும் அவள் சும்மா நம்பிவிடவில்லை. இரண்டு வாரம் செய்து பார்த்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் மென்மையான ஷாம்பு. நகத்தால் சுரண்டக் கூடாது, விரல்நுனியால் மெதுவாகத் தேய்த்து, கொஞ்ச நேரம் விட்டு, நன்றாக அலச வேண்டும். மேலே எந்த எண்ணெயும் வைக்கக் கூடாது. ஈரத்தோடு கொண்டை போடக் கூடாது. தலையணை உறையை அடிக்கடி துவைக்க வேண்டும். இவ்வளவுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தப் பீலித் தண்ணீரில் தலை நனைப்பது என்றால் எங்கள் ஊர்க் குளிருக்கு அது ஒரு தவம். தடுமன் பிடித்துச் சாகப்போகிறாய் என்று திட்டாதவர்கள் இல்லை.

பதினான்காம் நாள் தாளில் தேதியும் கிழமையும் மட்டும் தெரிந்தன. "நிக்கல. ஆனா கொறஞ்சிருக்கு. இவ்ளோதான் நம்ம தலை" என்றாள். சொன்ன முகத்தில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவள் தலையில் பட்டதில்லை.

இனிச் சொல்லப்போவது என்னைப் பற்றிய சங்கதி. சொல்லாமல் இந்தச் சித்திரம் முடியாது.

காய்ந்த தேயிலைத் தூள் பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் சலிக்கும் அறைக்குள் பூ கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடவே கூடாது. வெள்ளைத் தொப்பி போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் முடியோ அக்காவின் முடிக்கு நேர் எதிர். காய்ந்து பறக்கும். எண்ணெய் வைக்காமல் வெளியே போனால் என் அம்மா வாசலில் வழி மறிப்பாள். தொப்பிக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் தினமும் ஒரு கை தேங்காயெண்ணெய் வைத்து அழுத்திச் சீவிக்கொண்டுதான் போவேன்.

ஒரு போயா லீவுக்கு, அதாவது பௌர்ணமி லீவுக்கு, முந்தின நாள். வேலை முடிகிற அவசரத்தில் தொப்பியைக் கழற்றித் தூள் கொட்டிவைக்கும் பெரிய பெட்டியின் விளிம்பில் வைத்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் தொப்பி இல்லை என்று தெரிந்தது. எங்கோ விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். லீவு முடிந்து வந்து பெட்டியைத் திறந்தால், தூளுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. என் எண்ணெயில் ஊறிய தொப்பி. யாரும் பார்க்கவில்லை. எடுத்துப் பைக்குள் திணித்தேன். அந்தத் தூள் மூட்டை கட்டி லொறி ஏறிப் போயும் விட்டது.

கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து, தூள் வாங்குகிறவர்கள் போனில் பேசினார்கள். தூளில் எண்ணெய் வாடையாம். டீமேக்கர் ஐயா சலிக்கும் அறையில் இருந்த எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தித் தொப்பியைக் கழற்றச் சொன்னார். அன்று நான் எண்ணெய் வைக்கவில்லை. தொப்பியைப் பைக்குள் திணித்த நாளிலிருந்தே பயத்தில் வைக்கவில்லை. என் தலை பறந்துகொண்டிருந்தது. அக்காவின் தலை மின்னிக்கொண்டிருந்தது.

"வேற சாட்சி வேணுமா?" என்றார் ஐயா.

"நான் எண்ணெ வச்சு ஏழு மாசம் ஆச்சுங்க ஐயா."

"இந்தத் தலைய வச்சுக்கிட்டு இத யாருகிட்ட சொல்ற?"

"இது ஊறுறதுங்க. வச்சது இல்லீங்க."

ஐயா நம்பவில்லை. இரண்டு வாரத்தில் அவளை மலைக்கு மாற்றிவிட்டு வேறு ஆள் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் நான் நின்ற இடத்தில்தான் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. மலைக்குப் போக எனக்கும் விருப்பம் இல்லை. கேட்டால் வீட்டுக் கஷ்டம் என்று சொல்லலாம், ஆனால் உண்மையான காரணம் பயம். அக்கா எப்போதும்போல என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றாள், என் காய்ந்த தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கருவாட்டில் பாதி பிய்த்து என் பெட்டியில் வைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அந்தக் கருவாட்டை அவள் திரும்பிய நேரம் பார்த்து நாய்க்குப் போட்டுவிடுவேன்.

பதின்மூன்றாம் நாள் அக்கா நேரே ஐயாவின் ருசி பார்க்கும் அறைக்குப் போய் நின்றாள்.

"ஐயா, செஞ்சு பாக்காம என்னைய அனுப்பாதீங்க."

"என்னாத்த செஞ்சு பாக்க?"

"நேத்து நம்ம தூள்ல மூணு பொட்டலம் கட்டினேனுங்க. ஒண்ண சும்மா சுத்தமான டின்னுல வச்சேன். ஒண்ண தேங்காயெண்ணெ தொட்ட துணியோட வச்சேன். ஒண்ணு இந்தா இருக்கு."

தொப்பியைத் தூக்கினாள். உச்சந்தலையில், வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு சின்னப் பொட்டலம். நேற்றுக் காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. படுக்கும்போதும் கழற்றவில்லையாம். ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "சரி, யாரு ஊத்தித் தர்றது?" என்றார்.

வாசலில் கூடி நின்ற எங்களை அக்கா திரும்பிப் பார்த்தாள். "இவ ஊத்தட்டும்" என்று என்னைக் காட்டினாள்.

எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று நான் மூன்று கோப்பையில் ஊற்றினேன். எதில் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஐயா கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, துப்பினார். இரண்டாவது கோப்பையில் அவர் முகம் மாறியது. "இதுதான். கொழும்புல சொன்ன வாடை இதுதான்." அது தேங்காயெண்ணெய். மற்ற இரண்டையும் மாற்றி மாற்றி மூன்று தரம் உறிஞ்சினார். "இது ரெண்டும் ஒண்ணுதான். ஒரு வித்தியாசமும் இல்ல. ஒன் தலையில தப்பு இல்ல, போ" என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்கா தப்பிவிட்டாள், நானும் தப்பிவிட்டேன்.

"நானும் பாக்கலாங்களா ஐயா?" என்றாள் அக்கா. கரண்டியை வாங்கி இரண்டையும் குடித்தாள். துப்பவில்லை, விழுங்கினாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்க ஐயா. இந்தக் கடைசிக் கோப்பையில என் தலை இருக்கு. எனக்குத் தெரியுது."

ஐயா அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஊத்தினவ நீதானே. அவ சொல்றது சரியா?"

சரிதான். கடைசிக் கோப்பைதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அக்கா ஸ்டோரிலேயே இருப்பாள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. அவளுக்காகவாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், முடிவு தெரிந்துகொள்ளக் காத்திருப்பவளாக.

"அக்கா சொல்றதுதான் சரிங்க ஐயா" என்றேன். அதற்குப் பிறகு வாயை மூட முடியவில்லை. தொப்பி, பெட்டி, போயா லீவு, தேங்காயெண்ணெய் எல்லாம் அழுகையோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

ஐயா கோப்பைகளைத் தள்ளி வைத்தார். எனக்கு ஒரு மாதம் மலை. அக்காவுக்குத் தண்டனை இல்லை, "ஆனா நீ நாளையிலேருந்து ரெண்டு தொப்பி போடு" என்றார். "சரிங்க ஐயா, ரெண்டு வாரம் போட்டுப் பாக்குறேன்" என்றாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வேலை விட்டு லயத்துக்கு இறங்கும்போது அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளிடம் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. போகாமல் இருக்கவும் முடியவில்லை. ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். மன்னிப்பைத்தான் கேட்க நினைத்தேன், வாயில் வந்தது வேறு.

"அக்கா, ஐயாதான் ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிட்டாரே. அதுக்கப்புறம் நீங்க சும்மா இருந்திருக்கலாமே?"

அக்கா நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னாள்.

"சும்மா இருந்தா எப்புடி இருக்கும்னு பதிமூணு நாளா ஒன்னப் பாத்துக்கிட்டுதானேடி இருந்தேன். ஒனக்கே பொருந்தல. எனக்கு எங்கருந்து பொருந்தும்?"